மூன்று சகோதரர்கள், ஒரே தண்ணீர்: நகர நீர்த் திட்டமிடல் பற்றி ஓர் எளிய விளக்கம்

அரசு அறிவிப்புகளில் ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல்லுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் என்றால் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தையும் பார்க்கலாம். ஒருங்கிணைந்த நகர நீர் மேலாண்மை என்றால் எங்கே போய் எதைப் பார்ப்பது?

பார்க்க ஒன்றும் இல்லாததால் ஆளுக்கு ஒரு பொருள் சொல்கிறார்கள். நதிகளை இணைப்பதுதான் அது என்கிறார் ஒருவர். ஏரிகளுக்கு இடையே குழாய் போடுவது என்கிறார் இன்னொருவர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்படும்போது மேடையில் அந்தச் சொல் ஒலிக்கிறது. மழைநீர் வடிகால் தோண்டும்போதும் ஒலிக்கிறது. இவையெல்லாம் அந்தத் திட்டத்தின் உறுப்புகளாக இருக்கலாம். ஆனால் திட்டம் என்பது கட்டுமானத்தைவிடக் கணக்குப் புத்தகத்துக்கு நெருக்கமான ஒன்று. சென்னையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் புரட்டுவோம்.

அடுப்படியில் ஏற்கெனவே நடப்பது

சென்னையில் ஒரு சாதாரண வீட்டுக்குள் நுழைந்தால் நான்கு விதத் தண்ணீர் இருக்கும். குடிப்பதற்குக் கேன் தண்ணீர். சமைப்பதற்குக் குடிநீர் வாரியத்தின் குழாய் நீர். குளிக்கவும் துவைக்கவும் சற்றே உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர். கோடையில் இவற்றுக்குத் துணையாக லாரி நீர். எந்தக் குடத்தில் எது என்று வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரை வாளியில் பிடித்து வீடு துடைப்பார்கள். கேன் தண்ணீரில் யாராவது கால் கழுவினால் அன்று வீட்டில் பூகம்பம்தான்.

இன்னொன்றும் உண்டு. சம்ப் என்னும் நிலத்தடித் தொட்டி வற்றும்வரை காத்திருந்து லாரிக்குச் சொல்லும் வீடு கிடையாது. தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதுமே பதிவு செய்துவிடுவார்கள். கோடையில் பதிவு செய்த லாரி வந்து சேர நாள்கள் ஆகும் என்பது பட்டறிவு.

கையில் எவ்வளவு இருக்கிறது என்று அறிவது. எந்த வேலைக்கு எந்த நீர் என்று பிரிப்பது. ஒருமுறை பயன்பட்டதை மறுமுறையும் பயன்படுத்துவது. தட்டுப்பாடு வருவதற்கு முன்பே எப்போது எதைச் செய்வது என்று தீர்மானித்து வைப்பது. நகரத் திட்டத்திலும் இந்த நான்கு வேலைகள்தான். வீட்டில் இவை நான்கையும் ஒருவரே, பெரும்பாலும் அம்மா, தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். நகரத்தில் அப்படி ஒரு தலை கிடையாது.

மூன்று சகோதரர்களின் வீடு

அதே வீட்டில் மூன்று சகோதரர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் கொண்டுவருவது பெரியவர் பொறுப்பு. பயன்படுத்திய தண்ணீரை வெளியேற்றுவது இரண்டாமவர் பொறுப்பு. மழை பெய்தால் முற்றத்தில் நீர் தேங்காமல் பார்ப்பது இளையவர் பொறுப்பு. மூவருக்கும் தனித்தனிப் பணப்பை.

மே மாதம் பெரியவர் காசு கொடுத்து லாரி நீர் வாங்குகிறார். அதே நாளில் இரண்டாமவர், குளித்த நீரைக் காசு செலவழித்து வெளியே அனுப்புகிறார். நவம்பரில் இளையவர் மோட்டார் வைத்து மழைநீரைத் தெருவுக்கு இறைக்கிறார். மூவரும் தத்தம் வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனாலும் வீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. “மழைநீரைக் கிணற்றில் விடலாமே, தம்பி?” என்று பெரியவர் கேட்டால், “முற்றத்தில் தண்ணீர் நின்றால் திட்டு எனக்குத்தானே விழும், அண்ணா? கிணறு நிறைந்தால் என் பைக்கு என்ன வரும்?” என்பார் இளையவர். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

சென்னையில் இந்தச் சகோதரர்கள் யார்? குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம் 1978இல் அமைக்கப்பட்டது; பெயரிலேயே இருப்பதுபோலக் குடிநீரும் கழிவுநீரும் அதன் பொறுப்பு. ஆக, மூத்த இருவரும் ஒரே அலுவலகத்தில் இருக்கிறார்கள். அதுவரை நல்லது, இந்த அளவுகூட இல்லாத நகரங்கள் பல உண்டு. மழைநீர் வடிகால்கள் மாநகராட்சியிடம் இருக்கின்றன. ஏரிகளும் ஆறுகளும் நீர்வளத்துறையிடம். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்வது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். நிலத்தடி நீர் யாரிடம் இருக்கிறது என்றால், நடைமுறையில், யாரிடம் மோட்டார் இருக்கிறதோ அவரிடம்.

ஒருங்கிணைந்த நகர நீர்த் திட்டமிடலை இப்போது வரையறுத்துவிடலாம். ஒரு நகரத்துக்குள் வரும் நீர், உள்ளே சுற்றும் நீர், வெளியேறும் நீர் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதி, அடுத்த ரூபாயை எங்கே செலவிட்டால் முழு நகரத்துக்கும் கூடுதல் பயன் என்று பார்த்து முடிவெடுப்பதே அது. குடிநீர், கழிவுநீர், மழைநீர் என்பவை அலுவலகங்களின் பெயர்ப் பலகைகள். தண்ணீருக்கு அந்தப் பிரிவு தெரியாது. பெருமழையில் மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்து மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்த தெருக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: வீடு செய்யும் நான்கு வேலைகளையே நகரமும் செய்ய வேண்டும். வேலை பலரிடம் பிரிந்து கிடப்பதால் கணக்கும் பிரிந்து கிடக்கிறது. முதலில் கணக்கைச் சேர்க்க வேண்டும்.

வரவு, செலவு, இருப்பு

அப்படிச் சேர்த்து எழுதிய தாளுக்கு நீர்ச் சமநிலைக் கணக்கு என்று பெயர். ஓராண்டில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு தங்கியது என்பதே அதில் இருக்கும். எளிய அளவில் நாமே எழுதிப் பார்க்கலாம்.

முதலில் அளவுகோல். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி. சென்னைக்கு மாதம் ஒரு டி.எம்.சி. வேண்டும் என்பது செய்தித்தாள்களில் பழகிய வாய்ப்பாடு. நாள் ஒன்றுக்குச் சுமார் 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 டி.எம்.சி. வருகிறது.

இருப்பு எங்கே? நகருக்கு நீர் தரும் நான்கு ஏரிகளில். கொள்ளளவு: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி. நான்கும் தளும்பி நின்றால் 11.26 டி.எம்.சி. கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் சேர்ந்து இன்னும் அரை டி.எம்.சி. கொடுத்தது. வெயில் குடித்துவிடும் பங்கைக் கழிக்காமல் பார்த்தாலும் இது ஓராண்டுக்குப் போதாது. அதாவது, ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அடுத்த கோடை நம்மைத் தொட்டுவிடும்.

கணக்குத் தாளின் அடுத்த பத்தி யாரும் வழக்கமாக எழுதாதது. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்பது கணக்கு. பெருக்கிப் பார்த்தால், ஏரிகளை விட்டுவிட்டு, நகரத்தின் கூரைகளிலும் சாலைகளிலும் திடல்களிலும் மட்டும் விழும் மழை ஏறத்தாழ 21 டி.எம்.சி. ஓராண்டுத் தேவையைவிட அதிகம். எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், சில நாள்களின் கொட்டலாக வந்துவிடுகிறது. ஆனால் அந்த எண் தாளில் எழுதப்படும்போது, ‘வடிய வைக்க வேண்டிய தொல்லை’ என்ற பத்தியிலிருந்து மழை ‘வரவு’ப் பத்திக்கு நகர்கிறது.

கடைசிப் பத்தி கழிவுநீர். வழங்கும் குடிநீரில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது இந்தியப் பொறியாளர்கள் கையாளும் பொது அளவு. அப்படியானால் ஆண்டுக்குச் சுமார் 10 டி.எம்.சி. நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவுக்குச் சற்றே குறைவு! போர்வெல் நீரும் லாரி நீரும் கடைசியில் அதே குழாயில்தான் விழுகின்றன. அவற்றையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்த வரவுக்கு ஒரு சிறப்பும் உண்டு. மழை பொய்த்த ஆண்டிலும் மக்கள் குளிக்கிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள். அளவு குறையுமே தவிர, ஏரியைப்போல வெடித்துக் கிடக்காது.

நான் எழுதியது கடித உறையின் பின்பக்கத்தில் போடும் தோராயக் கணக்கு. பொறியாளர்கள் மாதவாரியாக, பகுதிவாரியாக எழுதுவார்கள். ஆனாலும் எது பெரியது, எது சிறியது என்று காட்ட இது போதும்.

எந்த வேலைக்கு எந்த நீர்

அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்குப் போவதற்கு ஏட்டுப் பெயர் ‘பயனுக்கேற்ற தரம்’. குடிக்கும் நீருக்கு ஒரு தரம், ஆலையில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீருக்கு வேறொரு தரம், பூங்காவுக்கு இன்னொன்று. எல்லா வேலைக்கும் குடிநீரையே அனுப்புவது, பட்டுச் சேலையால் பானை பிடிப்பதைப் போன்றது.

கழிவுநீரைத் தூய்மையாக்குவது மூன்று படிகளில் நடக்கிறது. முதல் படியில் மண்ணும் கசடும் படிய விடப்படுகின்றன. இரண்டாம் படியில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. நாம் காற்றை ஊதிக் கொடுத்தால் போதும். இவற்றுக்குப் பிறகு நுண்வடிகட்டி, சவ்வு ஆகியவற்றின் வழியே நீரைச் செலுத்துவது மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் இத்தகைய ஆலைகள் இயங்கத் தொடங்கின. நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தரக்கூடியவை. கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூர் பகுதித் தொழிற்சாலைகளுக்கு. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்.

‘கழிவுநீரைக் குடிக்க வைக்கப் பார்க்கிறார்கள்’ என்ற கூச்சல் இங்கேதான் எழும். நடப்பது ஓர் இடமாற்றம். ஆலை ஒரு லிட்டர் மறுபயன் நீரை எடுத்துக்கொண்டால், அது எடுத்திருக்கக்கூடிய ஒரு லிட்டர் ஏரி நீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. குழாயில் உங்களுக்கு வருவது அந்த ஏரி நீர்தான். நேரடியாகக் குடிப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள்: நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக்கில் 1968 முதல் அப்படித்தான். சிங்கப்பூர் 2003இல் தொடங்கிய ‘நியூவாட்டர்’ பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது; சிறு பங்கு நீர்த்தேக்கத்தில் கலக்கப்பட்டு, மறுபடி சுத்திகரிக்கப்படுகிறது. சென்னைக்கு ஆலைகளும் கட்டுமானத் தளங்களும் பூங்காக்களுமே இன்னும் நிறைய இடம் வைத்திருக்கின்றன. குடிப்பதைப் பற்றிய சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒழுகும் பானை

புதிய மூலம் தேடுமுன் பானையின் ஓட்டையைப் பார்க்க வேண்டும். சுத்திகரித்து அனுப்பிய பிறகு கசிவிலும் திருட்டு இணைப்பிலும் தவறான அளவீட்டிலும் காசாகாமல் போகும் நீருக்கு ‘வருவாய் தராத நீர்’ என்று பெயர். கம்போடியாவின் புனோம்பென் நகரம் 1993இல் தன் நீரில் 72 விழுக்காட்டை இப்படி இழந்துகொண்டிருந்தது. எக் சோன் சான் என்பவர் தலைமையில் குழாய்களை மாற்றி, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்து, பெரிய மனிதர்கள் உட்பட அனைவரிடமும் கட்டணம் வாங்கி, சுமார் இருபது ஆண்டுகளுக்குள் ஒற்றை இலக்க விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு 2006இல் மகசேசே விருது கிடைத்தது.

சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் இல்லை. எடை போடாமல் அரிசி விற்கும் கடையில் எலி எவ்வளவு தின்றது என்று கேட்பதற்குச் சமம், இங்கே கசிவின் அளவைக் கேட்பது.

ஏரி நிரம்பினால் நல்ல செய்தியா?

‘ஏரிகள் நிரம்பின, மக்கள் மகிழ்ச்சி’ என்று நவம்பர் தோறும் படிக்கிறோம். குடிநீர்ப் பொறியாளருக்கு அது மகிழ்ச்சிதான். வெள்ளத்தைக் கவனிக்கும் பொறியாளருக்கு, பருவமழை பாதியில் இருக்கும்போது தளும்பி நிற்கும் ஏரி தூக்கத்தைக் கெடுப்பது. ஒரே ஏரி, ஒரே நாள், எதிரெதிர் ஆசைகள்.

2015 டிசம்பர் 1ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. அது ஏறக்குறைய நிறைந்திருந்த நிலையில் பேய்மழை பெய்தது. திறந்துவிடப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடிவரை உயர்ந்தது. ஏரிக்குக் கீழே உள்ள எத்தனையோ சிறு ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில் வந்து சேர்ந்துகொண்டது. ஆற்றங்கரை மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பது தெரிந்ததே. யார் குற்றம் என்ற வழக்கை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை.

தொடக்கநிலை வாசகர் பார்க்க வேண்டியது, மதகுக்குப் பொறுப்பானவரின் தர்மசங்கடத்தை. நவம்பர் இருபதாம் தேதி வாக்கில் ஏரி முக்கால் நிறைந்திருக்கிறது. இப்போதே கொஞ்சம் திறந்துவிட்டால் வரப்போகும் மழைக்கு இடம் கிடைக்கும். ஆனால் அந்த மழை வராமலே போனால்? மே மாதம் காலிக் குடத்துடன் சாலையில் உட்காரும் ஊர், ‘நவம்பரில் தண்ணீரைக் கடலில் விட்டவர்’ என்று அவரை ஏசும். திறக்காவிட்டால் வெள்ளப் பழி. இதை ஒரு தனிமனிதரின் துணிச்சலுக்கு விடக் கூடாது என்பதற்காகத்தான் ‘இருப்பு விதி’ என்ற ஒன்றை எழுதி வைக்கிறார்கள். எந்தத் தேதியில் ஏரி எவ்வளவு உயரம் வரை நிற்கலாம், மழை முன்னறிவிப்பு எப்படியிருந்தால் எவ்வளவு காலி இடம் விட வேண்டும் என்று சொல்லும் அட்டவணை அது.

ஒருங்கிணைப்பு என்ற சொல்லின் உண்மையான வேலையை நான் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான். அந்த அதிகாரி நவம்பரில் தைரியமாகத் திறக்க வேண்டுமானால், மே மாதத்துக்கு ஊரிடம் வேறு தண்ணீர் இருக்க வேண்டும். நெம்மேலியில் கடல்நீர் ஆலை ஓடுவதும், கோயம்பேட்டில் கழிவுநீர் தூய்மையாவதும், அடையாற்றங்கரையில் இருக்கும் வீட்டுக்கு வெள்ளப் பாதுகாப்பாகின்றன! குடிநீருக்குப் போட்ட பணம் வெள்ளத்தைத் தடுக்கிறது. தனித்தனிப் புத்தகங்களில் இந்தப் பயன் எந்த வரியிலும் பதிவாகாது. ஒரே புத்தகத்தில் எழுதினால்தான் கண்ணில் படும்.

சுருக்கமாக: ஏரிக்கு இரண்டு முதலாளிகள். இருவர் ஆசையையும் ஓரளவாவது நிறைவேற்ற, ஏரிக்கு வெளியே இருக்கும் தண்ணீரையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

முழங்கால் அளவு எது?

வெள்ளம் வந்து மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், அதே நான்கு ஏரிகளிலும் கொள்ளளவில் ஒரு விழுக்காடுகூட நீர் இல்லை. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் கேட்கும் ஊருக்கு அது நானூறில் ஒரு பங்கு. ஆபத்துக் காலத்தில் வந்த எந்தச் சொட்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது திட்டத்தின் பகுதியல்ல, திட்டம் இல்லாததன் அடையாளம்.

சம்ப்பில் முழங்கால் அளவு என்று வீடு வைத்திருக்கும் குறிக்கு நகர மொழியில் ‘தூண்டல் அளவு’ என்று பெயர். இருப்பு இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் இன்ன நடவடிக்கை தானாகத் தொடங்கும் என்று, நெருக்கடி இல்லாத காலத்திலேயே எழுதி வைப்பது. சென்னையைப் பொறுத்தவரை இயற்கையே ஒரு நல்ல தேதியைக் கொடுத்திருக்கிறது. டிசம்பர் இறுதியில் வடகிழக்குப் பருவமழை முடிந்துவிடும். அடுத்த பெரிய வரவு அக்டோபரில். ஆகவே ஆங்கிலப் புத்தாண்டு அன்று ஏரிகளைப் பார்த்தாலே அந்த ஆண்டின் கோடை எப்படியிருக்கும் என்று சொல்லிவிடலாம். 2018இன் பருவமழை பொய்த்தது ஜனவரியிலேயே தெரிந்திருந்தது. ரயில் வந்தது ஜூலையில்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தது. குழாய்கள் மூடப்படும் நாள் என்று அறிவித்திருந்த தேதி தள்ளிப்போய், கடைசியில் வராமலே போனது. மக்கள் குறைத்துக்கொண்டது ஒரு காரணம்; பிறகு பெய்த மழை இன்னொரு காரணம். அங்கேயும் இன்னும் முன்னதாகத் தொடங்கியிருக்கலாம் என்பவர்கள் உண்டு.

ஒவ்வொரு மூலத்துக்கும் ஓர் எதிரி

பல மூலங்கள் இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணிக்கையைவிட, அவற்றின் எதிரிகள் வேறு வேறாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. ஒரே மழையை நம்பியிருக்கும் ஐந்து ஏரிகள், திட்டமிடுபவரின் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே ஏரிதான்.

பூண்டி, புழல் வகைக்கு எதிரி வடகிழக்குப் பருவமழை பொய்ப்பது. கிருஷ்ணா ஆற்றிலிருந்து வரும் நீருக்கு எதிரி மேலே உள்ள மாநிலங்களின் தட்டுப்பாடு. ஆந்திரத்துடன் செய்த 1983 ஒப்பந்தப்படி தமிழக எல்லையில் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிடைக்க வேண்டும், முதல் நீர் 1996இல்தான் பூண்டிக்கு வந்தது, முழு அளவு வருவது அரிது. கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரி 2004 முதல் சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர்வரை தரக்கூடியது. அது காவிரியை நம்பியிருக்கிறது. காவிரி நிறைவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையால் என்பதால், சென்னை மழை பொய்த்த 2019இல் அதனால் கைகொடுக்க முடிந்தது. இந்த வேறுபாடுதான் வீராணத்தின் மதிப்பு. அது தரும் லிட்டர் கணக்கு அதற்கு அடுத்தபடிதான்.

கடல் வற்றுவதில்லை. மீஞ்சூர் ஆலை 2010இலும், நெம்மேலியின் முதல் ஆலை 2013இலும் வந்தன. தலா 10 கோடி லிட்டர். நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இரண்டாம் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஓர் ஆலைக்கான பணி 2023இல் தொடங்கப்பட்டது. இவற்றின் எதிரி மின்கட்டணம். கடல்நீர் ஆயிரம் லிட்டரைக் குடிநீராக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். 15 கோடி லிட்டருக்கு நாள்தோறும் நாலரை முதல் ஆறு லட்சம் யூனிட் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். ஏரி நிறைந்த ஆண்டில் இந்த ஆலைகளை முழு வேகத்தில் ஓட்டுவதா, மெதுவாக ஓட்டுவதா என்பதும் அதே கணக்குப் புத்தகம் சொல்ல வேண்டிய பதில்.

நிலத்தடி நீரை நான் நெற்குதிர் என்பேன்: நல்ல ஆண்டில் நிரப்பி, கெட்ட ஆண்டில் எடுக்க வேண்டியது. நிரப்பாமலே எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணற்று வயல்கள் சாட்சி. நன்னீர் இறங்க இறங்கக் கடல்நீர் உள்ளே நகர்ந்துவிட்டது. மழைநீர் சேகரிப்பு 2003இல் தமிழகம் முழுவதும் கட்டாயமானது இந்த நெற்குதிரை நிரப்பத்தான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு விழும் மழை சுமார் 1,30,000 லிட்டர். வீணாவது போக ஒரு லட்சம் என்றாலும், 9,000 லிட்டர் லாரியில் பதினோரு நடை. பல வீடுகளில் குழாய் இருக்கிறது. அதன் வாயில் பல ஆண்டுச் சருகும் இருக்கிறது.

துறைகளைச் சேர்த்துவிட்டால் போதுமா?

சிங்கப்பூரை எல்லோரும் காட்டுவார்கள். குடிநீரைக் கவனித்துவந்த அந்நாட்டு வாரியத்திடம் 2001இல் கழிவுநீரும் வடிகாலும் ஒப்படைக்கப்பட்டன. மூன்று சகோதரர்களுக்கும் ஒரே பணப்பை கிடைத்தது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணை அதன் விளைவுகளில் ஒன்று: ஒரே கட்டுமானம் கடல் ஏற்றத்தைத் தடுக்கிறது, தாழ்வான பகுதிகளில் வெள்ளத்தைக் குறைக்கிறது, நகரின் நடுவே நன்னீர்த் தேக்கமாகவும் இருக்கிறது.

ஆனால் சிங்கப்பூரில் நகரமும் நாடும் ஒன்று. சென்னையின் ஏரிகள் நகரத்துக்கு வெளியே இருக்கின்றன. கிருஷ்ணா வேறு மாநிலத்திலிருந்து வருகிறது. வீராணத்தைச் சுற்றிப் பாசன உரிமை உள்ள உழவர்கள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர நினைப்பது பேராசை. பெயர்ப் பலகையை மாற்றுவதில் ஐந்தாண்டுகள் போய்விடும். அதைவிடச் சின்ன வேலை ஒன்று உண்டு: சகோதரர்கள் தனித்தனியாகவே இருக்கட்டும், ஒருவர் செலவால் இன்னொருவருக்குக் கிடைக்கும் பயனை எழுதி, அதற்கு விலை போடட்டும்.

ஒரு தெருவின் மழைநீர் வடிகாலை நேராகக் கால்வாய்க்கு விடுவது மாநகராட்சிக்குச் சுலபம். அதையே பக்கத்துக் குளத்துக்குத் திருப்ப வேண்டுமானால் கசடு படிய ஒரு தொட்டி, சாக்கடை கலக்காமல் பார்க்க ஆள், ஆண்டுதோறும் தூர்வாரும் செலவு எல்லாம் கூடும். குளம் நிறைந்து சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறினால் கோடையில் லாரி அனுப்பும் செலவு குறைவது குடிநீர் வாரியத்துக்கு. இளையவர் கேட்ட கேள்வி இங்கே மறுபடி வருகிறது. பெரியவர் அந்தக் கூடுதல் செலவைத் தன் பையிலிருந்து எடுத்து, “இந்தா, தம்பி, தொட்டியைக் கட்டு” என்று கொடுத்துவிடலாம். மே மாதம் லாரிக்காரருக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டுவிட்டு அவரே முடிவு செய்யட்டும்.